மூன்றிலிருந்து பதினொன்று

எனக்குக் கோபம் வருவது புதிதில்லை. ஆஸ்பத்திரியில் என் பெயரே கடுகு. ஆள் குள்ளம், சட்டென்று பொரிந்துவிடுவேன் என்று யாரோ வைத்தது. ஆனால் அன்றைக்கு வந்த கோபம் வேறு.

காலையிலேயே ஒரு தையல்காரரின் மனைவி என் அறை வாசலில் வந்து நின்றாள். அவள் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை. காத்திருப்புப் பட்டியலில் மூன்றாவது இடம். இந்த மாதத்தைத் தாண்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"பதினொன்னுன்னு மெசேஜ் வந்திருக்கும்மா. கவுன்ட்டர்ல கேட்டா கம்ப்யூட்டர் தப்புங்கறாங்க. கம்ப்யூட்டர் பார்க்கறது நீங்கதானே?"

பதினொன்று என்றால் இன்னும் இரண்டு மாதம். பதிவுகளைத் திறந்து பார்த்தேன். அப்புறம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன். அவளும் பின்னாலேயே வந்து கதவுக்கு வெளியே நின்றுகொண்டாள்.

"ஓசியில வந்த சாஃப்ட்வேர்தானே" என்றார் மேலாளர். "போன வாரம் புது வெர்ஷன் போட்டீங்க, இந்த வாரம் குளறுபடி. காசு குடுத்து வாங்கியிருந்தா இப்படி ஆகுமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மென்பொருள், பட்டியலைத் தொடுவதே இல்லை. அலுவலகத்தில் யாராவது அதில் ஒன்றை மாற்றினால், அந்த மாற்றத்தை உடனே பிடித்து வார்டு திரைக்கும் நோயாளியின் போனுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத நூறு பேர் சேர்ந்து எழுதியது. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். அதில் பதினேழு வரி என்னுடையது. மாற்றுவதற்கு முன் என்ன இருந்தது, மாற்றியது யார், இரண்டையும் சேர்த்தே குறித்துவைக்க வேண்டும் என்று ஏழு மாதம் அவர்களோடு மல்லுக்கட்டிப் புது வெர்ஷனில் சேர்க்க வைத்தேன். சம்பளம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமைகள் போனதுதான் மிச்சம். அதைப் போய் ஓசி என்கிறார்.

லேப்டாப்பை அவர் மேஜையில் திறந்துவைத்தேன். முன்பு மூன்று, பின்பு பதினொன்று. நேற்று மதியம் மூன்று பத்து. மாற்றியவர், மேலாளர். அடுத்த வரியில், போன வாரம் இதே அறையில் உட்கார்ந்து காபி குடித்த அவருடைய மச்சான் பதினொன்றிலிருந்து மூன்றுக்கு ஏறியிருந்தார்.

அவர் திரையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், குரலை இறக்கினார்.

"பழைய வெர்ஷனுக்கே போயிடலாமேம்மா. அது நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு."

மனுஷனா இவர்? திருத்திவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

"போகலாம் சார். உங்க பேர்ல நீங்களே மாத்துங்க. எந்த வெர்ஷன் ஓடணும்ங்கற செட்டிங்கும் இதே டேட்டாபேஸ்லதான் இருக்கு. யார் நிறுத்தச் சொன்னதுன்னு அதையும் எழுதிட்டுத்தான் நிக்கும்."

லேப்டாப்பை அவர் பக்கம் தள்ளினேன். அவர் கை வைக்கவில்லை.

"மச்சான் ஒரே நச்சரிப்பு. வீட்டுல நிம்மதியே இல்ல. குடும்பம்னா உங்களுக்குத் தெரியாதா?"

"வெளிய நிக்கறவங்களுக்கும் குடும்பம்தான் சார்."

கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு தன் கணினியில் இரண்டு இடங்களையும் அவரே மாற்றினார். அந்த நொடியே வெளியே அவள் போனில் மெசேஜ் வந்த சத்தம் கேட்டது.

நான் வாசலுக்குப் போவதற்குள் அவர் முந்திக்கொண்டு வெளியே போனார்.

"கம்ப்யூட்டர் பண்ணின தப்புதாம்மா. நானே உட்கார்ந்து சரி பண்ணிட்டேன்."

"நீங்க நல்லா இருக்கணும் சார்" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் கணவர் பெயரில் இருந்த இரண்டு வரிகளையும் பிரின்ட் எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"கம்ப்யூட்டர் ஒரு தப்பும் பண்ணலம்மா. ரெண்டு தடவையும் மாத்தினது யார், எத்தனை மணிக்குன்னு இதுல இருக்கு. படிங்க."

நின்ற இடத்திலேயே படித்தாள். மூன்று பத்து என்ற இடத்தில் விரலை வைத்து இன்னொரு முறை படித்தாள். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நேத்து மூணு மணிக்கு உங்ககிட்டதானே சார் வந்து கேட்டேன். இடம் மாறாது, பயப்படாம வீட்டுக்குப் போம்மான்னு சொன்னீங்களே."