பிளம்பர் வீட்டிலிருந்து ஒரு புகார்

அவர் பிளம்பர். நகரின் பாதிக் குழாய்கள் தன் கைபட்டவை என்று பெருமையடித்துக்கொள்வார். அது அப்படியொன்றும் பெரிய மிகையில்லை. எந்தத் தெருவில் நடந்தாலும் யாராவது ஒருவர் ஜன்னலிலிருந்து கையசைப்பார்கள். ஆனால் அவர் வீட்டுச் சமையலறைக் குழாய் மட்டும் மாதக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்தது.

மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பிரேமில் லென்ஸ் பொருத்துகிறவள். மயிரிழை பிசகினாலும் பொறுக்காத கை, பொறுக்காத காது. அந்தச் சொட்டுச் சத்தம் யாரோ ஓயாமல் தன் தலையில் குட்டுவது போலிருந்தது அவளுக்கு.

"என்னங்க, அந்தக் குழாய்..."

"ஒரு நிமிஷ வேலைம்மா. நாளைக்குப் பாத்துடறேன்."

அந்த ஒரு நிமிஷம் மட்டும் அவருக்கு வாய்க்கவே இல்லை. பாவம், பகலெல்லாம் அடுத்தவர் வீட்டு சிங்க்குக்கு அடியில் மல்லாந்து கிடந்துவிட்டு வருகிறவருக்கு, வீட்டில் ஸ்பேனரைப் பார்த்தாலே முதுகு பிடித்துக்கொள்ளும். மாமியார்தான் குழாயடியில் ஒரு வாளியை வைத்து, நிரம்ப நிரம்ப எடுத்துப்போய் பால்கனியிலிருந்த மிளகாய்ச் செடிகளுக்கு ஊற்றிவந்தாள். "ஒண்ணும் வீணாப் போகலையே" என்று மகனுக்கு வக்காலத்தும் வாங்கினாள்.

ஒருமுறை மூன்று பேரும் மனைவியின் தங்கை வீட்டுக்குப் போய்த் தங்கிவிட்டு வந்தார்கள். கதவைத் திறந்தால், வாளி வழிந்து, சிங்க்கும் அடைத்துக்கொண்டு, சமையலறை குளமாகிக் கிடந்தது. இத்தனைக்கும் கோடை. அந்தப் பேட்டையில் தண்ணீர் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்றுதான் வந்துகொண்டிருந்தது. மனைவி குனிந்து துணியால் ஒற்றி ஒற்றிப் பிழிந்துகொண்டிருந்தபோது, கூடத்தில் அவருடைய போன் அடித்தது. யாரோ பழைய வாடிக்கையாளர். ஸ்பீக்கரில் குரல் கணீரென்று கேட்டது.

"உங்க கைராசியே தனி சார். நீங்க வந்துட்டுப் போனதுலேர்ந்து எங்க வீட்ல ஒரு சொட்டு ஒழுகல!"

அவர் வெட்கத்தோடு சிரித்தார். அவள் ஈரத்துணியோடு நிமிர்ந்தாள். துணியை வாளிக்குள் முறுக்கிப் பிழிந்தாள். மாமியார் நைசாக பால்கனிப் பக்கம் நழுவினாள்.

மறுநாள் மனைவிக்கு விடுமுறை. அவர் வேலைக்குக் கிளம்பியதும், அவர் வேலைபார்க்கும் ரிப்பேர் கம்பெனிக்கே போன் போட்டாள். எடுத்தது அங்கே எல்லோரும் 'மைக் செட்' என்று கூப்பிடும் பெண். பேசினால் எதிர்த்தெருவுக்கும் கேட்கும்.

"வணக்கம், என்ன ரிப்பேருங்க?"

"சமையலறைக் குழாய் ஒழுகுது. உடனே ஆள் வேணும்."

விலாசத்தைக் கேட்டதும் மைக் செட்டுக்குக்கூடக் குரல் இறங்கிவிட்டது. "அண்ணி? இது நம்ம அண்ணன் வீடாச்சே!"

"இப்ப நான் அண்ணி இல்ல. கஸ்டமர்."

மைக் செட்டுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அடுத்த நிமிஷமே பிளம்பரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒரு அவசர வேலை. தண்ணி வீணாப் போகுதாம்." தெருப் பெயரைச் சொன்னாள்.

"அட, என் தெரு."

கட்டடத்தைச் சொன்னாள்.

"என் கட்டடமாச்சே! எந்த வீடு?"

"மூணாவது மாடி, இடது பக்கம்."

அந்தப் பக்கம் ஸ்பேனர் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"ஏய், அது என் வீடு!"

"அப்படிங்களாண்ணே? அந்தம்மா ரொம்பக் கோவமா இருக்காங்க. சீக்கிரம் போங்க."

அழைப்பு மணி அடித்தபோது மாமியார்தான் கதவைத் திறந்தாள். நீலச் சீருடையும் கருவிப் பையுமாக நின்ற மகனை மேலும் கீழும் பார்த்தாள். நேற்றுவரை வக்காலத்து வாங்கியவள் இன்று கட்சி மாறியிருந்தாள்.

"யாருப்பா நீ?"

"அம்மா!"

"ஷூவைத் துடைச்சிட்டு உள்ள வா. இப்பத்தான் தரையைத் துடைச்சிருக்கு."

சமையலறையில் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நல்ல புடவை, முகத்தில் அந்நியம். அவர் அவளைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். அது தன் பாட்டுக்குச் சொட்டியது. கோபப்படலாமா என்று ஒரு கணம் யோசித்தார். உதடு கேட்கவில்லை, ஓரத்தில் சிரிப்பு எட்டிப்பார்த்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எத்தனை நாளா ஒழுகுது, மேடம்?"

"அதை ஏன் கேக்கறீங்க சார். வீட்டுக்காரர்கிட்ட சொல்லிச் சொல்லி என் வாய் வலிச்சதுதான் மிச்சம்."

"அடடா. அவரு என்ன வேலை பாக்கறாரு?"

"சொன்னா சிரிப்பீங்க."

மாமியார்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் மூன்று பேருக்கும் அடக்கமுடியவில்லை. அவர் தரையிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என் மேல தப்புதான்மா" என்றார், சிரிப்பு அடங்கியதும். "வேலை முடிஞ்சு வந்தா குழாயே கண்ணுல படக்கூடாதுன்னு தோணும். உன் காதுல அது விழுந்துட்டே இருக்கும்னு நினைச்சே பாக்கல."

"எனக்குக் கத்துக் குடுங்க. உங்களை எதிர்பார்க்க வேண்டாம்ல?"

அவர் நகர்ந்து இடம்விட்டார். அவர் சொல்லச் சொல்ல, அவள் சிங்க்குக்குக் கீழே வால்வை மூடினாள். ஸ்பேனரால் குழாயின் தலையைக் கழற்றினாள். உள்ளே இருந்த ரப்பர் வாஷர் எலி கொறித்த பிஸ்கட் போலத் தேய்ந்திருந்தது. "இத்தனூண்டு இதுக்கா இவ்வளவு கூத்து!" என்று அதை விரல்நுனியில் வைத்துப் பார்த்தாள். புதியதைச் செருகி, மறுபடி பூட்டி, வால்வைத் திறந்தாள். லென்ஸ் பொருத்திப் பழகிய விரல்களுக்கு அது விளையாட்டாக இருந்தது.

மூவரும் குழாயையே பார்த்தபடி நின்றார்கள். சொட்டு விழவில்லை.

"அது சரி, என் மிளகாய்ச் செடி என்ன பண்ணும்?" என்றாள் மாமியார்.

"காய் கழுவுற தண்ணி இருக்கே அத்தை. அதை இனிமே சிங்க்ல ஊத்தாம எடுத்து வைக்கறேன்."

மாமியார் யோசித்துவிட்டு, "கேரட் கழுவினதுன்னா இன்னும் விசேஷம்" என்று ஒப்புக்கொண்டாள்.

விஷயம் மைக் செட்டின் வாயில் விழுந்த பிறகு ரகசியமாக இருக்குமா? மாலைக்குள் அதே கம்பெனியில் வேலைபார்க்கும் எலெக்ட்ரீஷியனின் மனைவி போன் செய்து, தன் வீட்டுக் குளியலறை விளக்கு ஆளில்லாதபோதும் அணைய மறுக்கிறது என்று புகார் கொடுத்தாள். கம்பெனித் தச்சரின் அண்ணன், வீட்டு ஜன்னல் சரியாக மூடாததால் ஏசி தெருவுக்குத்தான் குளிர் கொடுக்கிறது என்றான். மேனேஜரம்மாள் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டாள்.

"ஊருக்கெல்லாம் ரிப்பேர் பண்றோம்னு போர்டு மாட்டியிருக்கேன், மானம் போகுது! இந்தச் சனிக்கிழமை வேற வேலை எடுக்க வேண்டாம். முதல்ல உங்க வீடு, அப்புறம் உங்க கட்டடம். வேனும் சாமானும் நம்ம கம்பெனியோடது. சம்பளம் உண்டு."

சனிக்கிழமை காலை பிளம்பர் தன் கட்டடத்தில் கீழிருந்து தொடங்கினார். மனைவியும் கூடவே வந்தாள். ஒரு வீட்டில் பிளஷ் தொட்டி ஒழுகியது, இன்னொரு வீட்டில் ஷவர். ஒழுகாத வீடே குறைவு. யாரும் புகார் சொல்லாததுதான் அவருக்கு ஆச்சரியம். எல்லோருமே நாளைக்கு என்று இருந்திருக்கிறார்கள். மாடி ஏற ஏறக் கதவுகள் தாமாகவே திறந்தன. காபி வந்தது, வெட்டிய பழம் வந்தது, வம்புப்பேச்சும் வந்தது. இத்தனை வருஷம் படிக்கட்டில் தலையாட்டியதோடு சரி. இன்றுதான் பாதிப் பேரின் சமையலறையைப் பார்த்தார்கள்.

கடைசி மாடியில் தனியாக வசிக்கும் வாத்தியாரம்மாள், சிங்க்கின் முன்னால் மண்டியிட்டிருந்தவளையும் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏம்மா, நீங்களும் பிளம்பரா?"

"இப்பத்தான் கத்துக்கறேன்" என்றாள் அவள், ஸ்பேனரிலிருந்து கண்ணை எடுக்காமல். "இவரு என் ஹெல்பர். நல்லவருதான், என்ன, கொஞ்சம் விரட்டணும்."

"சரிங்க மேடம்" என்றார் பிளம்பர், டார்ச்சை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோய்.