கடற்பஞ்சுக்குள் இருந்தவை

ஓசூரில் ஒரு மருந்து ஆய்வகத்தில் வினிதாவுக்கு அது ஐந்தாவது வருடம். இன்னும் ஒப்பந்த ஊழியர்தான். ஜூலையில் கொச்சியிலுள்ள கடல் ஆய்வு நிலையம் ஒன்றிலிருந்து ஐஸ் பெட்டியில் கடற்பஞ்சு என்னும் கடலடி உயிரியின் துண்டுகள் வந்தன. ஆயிரம் மீட்டர் ஆழத்தில் எடுத்தவை. புற்றுநோய் செல்களைக் கொல்லும் பொருள் ஒன்று அவற்றில் இருந்தது. பஞ்சைக் குளிர்ந்த கடல்நீரில் உயிரோடு வைத்து, அந்தப் பொருளைப் பிரித்துத் தர வேண்டும்.

ஒரு துணுக்கை மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். சதை முழுக்க பாக்டீரியா.

மேலாளர் ஹரீஷ்குமார் குனிந்து பார்த்து முகம் சுளித்தார்.

"கண்டாமினேஷன். ஆன்டிபயாட்டிக் போட்டு கிளீன் பண்ணிடு."

"வெளியிலிருந்து வந்தது இல்லீங்க சார். பஞ்சுக்குள்ளயே வாழுறது. அந்தப் பொருளையே இதுங்கதான் செய்யுதோ என்னமோ."

"சொன்னதைச் செய்."

"சரிங்க. ஒரு துண்டை மட்டும் மருந்து போடாம வெக்கிறேன். ரிஜிஸ்டர்லயும் எழுதிடறேன்."

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். துண்டுகள் உயிரோடு வந்ததையும், மருந்து போடச் சொன்னதையும், ஒன்றை விட்டு வைத்ததையும் அவள் எழுதி வைத்தாள்.

பத்து நாளில் மருந்து போட்ட துண்டுகள் கறுத்துக் குழைந்தன. அந்தப் பொருள் பெயருக்குக்கூட மிஞ்சவில்லை. தொடாத துண்டில் அது அப்படியே இருந்தது.

மறுநாள் ஹரீஷ்குமார் ஓர் அறிக்கையை நீட்டினார். 'மாதிரிகள் வரும்போதே கெட்டிருந்தன' என்று இருந்தது.

"சைன் பண்ணு."

"நல்லாத்தான் சார் வந்துச்சு. கெடுத்தது நாம."

"உன் கான்ட்ராக்ட் எப்ப முடியுதுன்னு ஞாபகம் இருக்கா?"

"செப்டம்பர்ல சார்." அவள் பேனாவை எடுக்கவில்லை. "அதுக்காகப் பொய்யில கையெழுத்துப் போட மாட்டேன்."

அவரே கையெழுத்திட்டு கொச்சிக்கு அனுப்பினார். வினிதாவை போர்வெல் தண்ணீர் சோதிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே பாட்டில் கழுவும் மாதப்பன், "ஒரு கையெழுத்துதானம்மா, போட்டுட்டு இருந்திருக்கலாமில்ல?" என்றார்.

"நானும் போட்டிருந்தா அது உண்மைன்னே ஆயிடும், அந்தப் பஞ்சை இனி எவனும் சீந்த மாட்டாண்ணா. கெட்ட சரக்குன்னு ஒதுக்கிடுவாங்க."

அறிக்கையில் வேலை செய்தவளின் கையெழுத்து இல்லாததைக் கண்டு கொச்சிக்காரர்கள் ரிஜிஸ்டரின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்தார்கள். ஆகஸ்டில் இரண்டாவது பெட்டி வந்தது. பாக்டீரியாவைத் தொடக்கூடாது, வேலையை வினிதாதான் செய்ய வேண்டும் என்று கடிதமும் வந்தது.

ஹரீஷ்குமார் கூப்பிட்டார். "பெட்டியைத் தொற."

அவள் வெப்பமானியைப் பார்த்தாள். சாயங்காலம் வரை ஐஸ் தாங்கும்.

"தொறக்கறேன் சார். மொதல்ல அந்த ரிப்போர்ட்டை வாபஸ் வாங்குங்க. அவங்க மேல பழி போட்டுட்டு அவங்க பெட்டியைத் தொட மாட்டேன்."

"நீ யாருன்னு நினைச்சுப் பேசறே?"

"இந்த வேலையைச் செஞ்சவ சார்."

அவர் கொச்சிக் கடிதத்தை எடுத்து மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து திரையை அவள் பக்கம் திருப்பினார். 'முந்தைய அறிக்கையைத் திரும்பப் பெறுகிறோம். எங்கள் ஆய்வகத்தில் தவறு நடந்திருக்கலாம்.'

வினிதா நிதானமாகப் படித்தாள்.

"'நடந்திருக்கலாம்' இல்லீங்க சார். 'நடந்தது.'"

அவர் மாற்றி அனுப்பும்வரை பக்கத்திலேயே நின்றாள். அப்புறம் கையுறையை எடுத்தாள்.