நஸ்ருன்னிசாவின் பன்னீர் ரோசா

திருக்குளத்து நீர் படிப்படியாய் இறங்கிப் பாசியை மட்டும் விட்டுச்செல்ல, மாடவீதிகளின் கருந்தளம் அடுப்பேறிய தோசைக்கல்லெனக் கனல, பேருந்துகள் அனலையே மூச்சாக விட்டுச்செல்ல, கத்திரி வெயில் மயிலாப்பூரின் தலைமேல் ஏறி அமர்ந்திருந்த காலை அது. அவ்வேளையில், அருகருகே அமைந்த இரண்டு மொட்டைமாடிகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு கிடந்தன. பண்புடையீர், பிறர் வீட்டை எட்டிப்பார்க்கும் வழக்கம் நமக்கில்லை. இடைச்சுவர் குட்டையாய் இருந்தது, அவ்வளவே.

ஒரு மாடியில் நஸ்ருன்னிசா வளர்த்த ஒற்றைப் பன்னீர் ரோசாச் செடி. அவள் கணவர் கரீமுல்லா நாற்பதாண்டு அத்தர் என்னும் நறுநெய் விற்றவர். ஊரார் வாயில் அத்தர் பாய். பக்கவாதம் வீழ்த்திய நாள் முதல் கண்ணிருந்தும் காணாதவராய், நாவிருந்தும் பேசாதவராய்க் கட்டிலிற் கிடந்தார். ஆயினும் அன்றலர்ந்த அம்மலரைக் காலைதோறும் அவள் அவர் மூக்கருகே பிடிக்க, வறண்ட உதடுகள் மெல்ல அசைந்து, "நஸ்ரு" என்னும் ஒரே சொல் பிறக்கும். அச்சொல்லை உண்டே அவள் அன்றைய பொழுதைக் கழித்தாள். அவர் விற்ற நறுநெய்யையே ஒருமுறை காட்டிப் பார்த்தாள். அந்த மூக்கு ஏமாறவில்லை.

அச்செடியில்தான் மாவுப்பூச்சி விழுந்தது. வேப்பெண்ணெயும் சவர்க்காரமும் கலந்து அவள் தெளிக்க, காற்று அதை அள்ளிச்சென்று, அடுத்த மாடியில் ஸ்ரீரங்கன் வீட்டார் உலர்த்தியிருந்த வடாத்தின்மேல் இறைத்தது.

"ஏம்மா, சோப்பு வடாத்தை யாரு தின்னறது?"

"காத்து நான் சொன்னா கேக்குமா சார்? நுரை வந்தா துப்பிட்டுப் போங்க!"

அன்றே பேச்சு முறிந்தது. தெளிப்பதும் நின்றது, மானமுள்ளவள் அல்லளோ! மறுநாள் முதல் பஞ்சு சுற்றிய குச்சியொன்றை ஏந்திக் கையாலேயே பூச்சி களைந்தாள். வெண்மாவு பூசிய சிறு பூச்சிகளிடையே, அதே வெண்மையில் நீண்ட இழைகள் தொங்க, பருத்த உருவங்கள் சில விரைந்து ஊர்ந்தன.

"இதுங்கதான் ஆத்தாளுங்க," என்று கீழிறங்கி வந்து கணவரிடம் கூறினாள். "பெருசுங்களை ஒழிச்சா, சிறுசுங்க தன்னால ஒழிஞ்சிடுங்க."

பொன்னில் மாசு தேடும் தட்டான் போல ஒவ்வொன்றாய்த் தேடிப்பிடித்துச் சவர்க்கார நீரில் அமிழ்த்தினாள். வடாம் திருப்ப வந்த ஸ்ரீரங்கனோ, வேளாண் அலுவலகத்தில் பயிர்ப்பூச்சிகளையே ஆய்ந்து ஓய்வுபெற்றவர். மூழ்கியவை தாய்ப்பூச்சிகள் அல்ல, பொறிவண்டின் புழுக்கள். பகைவரின் உடையையே உடுத்துப் பகைவர் நடுவே வாழ்ந்து, மாவுப்பூச்சியைத் தின்று செடியைக் காப்பவை என்பதை அவர் முதற்பார்வையிலேயே அறிந்தார். மூன்றாம் நாள் வாய் திறக்கப் போனார். பாழான வடாத்தட்டு கண்ணிற் பட்டது, மூடிக்கொண்டார்.

"அவாளா வந்து பேசட்டும்," என்றார் மனைவியிடம்.

நஸ்ருன்னிசா வரவில்லை. பதினோராம் நாள் பருத்தவை ஒன்றேனும் எஞ்சாமை கண்டு மகிழ்ந்தாள். அம்மகிழ்ச்சி ஒரு வாரமும் நிலைக்கவில்லை. காவலற்ற செடியில் வெண்மாவு கணுத்தோறும் அடையடையாய் அப்ப, மொட்டுகள் விரியாமலே கருக, இலைகள் சுருண்டு உதிர, கத்திரியின் கடைசி நாளில் அத்தொட்டியில் முள்மட்டுமே நின்றது.

அன்று மாலை கடைத்தெரு ரோசாக்கள் ஒரு கட்டு ஏந்தி, ஸ்ரீரங்கன் அவ்வீட்டு வாயிலில் தலைகுனிந்து நின்று, அறிந்ததனைத்தையும் சொல்லி முடித்தார். அவள் சினக்கவில்லை, அதுவே அவருக்குப் பெருந்தண்டமாயிற்று.

"டெய்லி பாத்துக்கினுதானே இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சார்?"

"வீம்புதாம்மா. வேறென்ன சொல்றது?"

மலர்க்கட்டை வாங்கிச்சென்று கணவர் மூக்கருகே பிடித்தாள். பனிப்பெட்டியில் உறங்கி வந்த அம்மலர்கள் கண்ணுக்குச் செம்மையாயினும் மணத்திற்கு வெறுந்தாள். கரீமுல்லா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான்தாங்க... நஸ்ரு," என்று தன் பெயரைத் தானே சொல்லிப் பார்த்தாள். உதடுகள் அசையாதது கண்டு மலர்க்கட்டைத் தரையில் வைத்தாள்.

வடாத்தை அடுத்த ஆண்டும் பிழியலாம், பண்புடையீர். செடியையும் வேறொன்று நடலாம். அது வேரூன்றி, தளிர்த்து, அரும்பி, மணந்து வரும்வரை அந்த உதடுகள் காத்திருக்குமா என்று கேட்கும் துணிவு, எல்லார் வீட்டுச் செய்தியையும் துருவிக் கேட்கும் இத்தெருவில் எவர்க்கும் இல்லை.