பெயர் ஒட்டும் இடம்

அந்த வண்டிக்கு இன்னும் பெயர் இல்லை. கதவு உண்டு, கூரை உண்டு, ஓட்டுகிறவன் காலடியில் மூன்று மிதிகள் உண்டு. மூக்கில் மட்டும் இரண்டு சின்ன ஓட்டைகள். சித்தார்த் பின்கதவு வழியாக உள்ளே ஏறி மண்டியிட்டு, சுருட்டி வைத்திருந்த கார்ப்பெட்டைத் தரையில் விரித்தான். அதற்கு அவனுக்கு மூன்று நிமிடம். வண்டி நிற்காது. அவன் உள்ளே இருக்கும்போதே எறும்பு ஊர்கிற வேகத்தில் நகர்ந்துகொண்டிருக்கும். தரையில் கீறியிருக்கும் மஞ்சள் கோட்டை முன்சக்கரம் தொடுவதற்குள் இறங்கிவிட வேண்டும். இறங்கிப் பின்னால் நடந்தால் அடுத்தது வந்திருக்கும். அதற்கும் பெயர் இருக்காது.

அது பதினேழாவது ஸ்டேஷன். பெயர் முப்பத்தொன்றில். அங்கே வீணா என்ற பெண் இரண்டு டப்பாக்களுக்கு நடுவில் நிற்பாள். ஒன்றில் அமெரிக்கக் கம்பெனியின் சின்னம், மற்றதில் ஜப்பான் கம்பெனியின் சின்னம். பானெட்டில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்ப்பாள். ஏதாவது ஒன்றை எடுத்து அந்த ஓட்டைகளில் பொருத்தி, உள்ளங்கையால் ஓர் அழுத்து. டக். அதன் பிறகு இதற்கு வேறு ஷோரூம், அதற்கு வேறு ஷோரூம். விளம்பரம் வேறு, விலை வேறு. வாங்குகிறவர்கள் இது உசத்தி, அது மட்டம் என்று சண்டை போட்டுக்கொள்வார்கள். அந்த டக் சத்தத்துக்கு முந்தைய நொடி வரை இரண்டும் ஒரே வயிற்றில் கிடந்தவை.

மனைவி மைதிலி போன பிறகு சித்தார்த்துக்கு எதுவும் பெரிதாகப் படவில்லை. பசி வந்தால் சாப்பிட்டான். மழை வந்தால் நனைந்தான். ஆனால் இந்தக் கொட்டகைக்குள் நுழையும்போது மட்டும் மார்புக்குள் ஏதோ நிமிர்ந்து உட்காரும். அரை நூற்றாண்டுக்கு முன்னால் ஒருவனை ஒருவன் குண்டு போட்டு அழித்தவர்கள், அத்திபெலே தாண்டிய ஒரு கொட்டகையில் பாதிக்குப் பாதி பங்கு வைத்திருக்கிறார்கள். கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே சாம்பாரில் மூக்கு ஒழுகச் சாப்பிடுகிறார்கள். ஈஜிபுராவில் ஒற்றை அறைக்கு வாடகை கொடுக்கும் ஒருவன், கோலார் தங்கவயலில் பிறந்த ஒருவன், அந்த இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு தரையில் மண்டியிட்டிருக்கிறான். எப்படி இது நடந்தது? அவனுக்கு விளங்கவில்லை. விளங்காததே நன்றாக இருந்தது.

"ஒரு மாடு, ரெண்டு எஜமான்" என்பார் பதினாறாவது ஸ்டேஷன் தாஸ். "ஒருத்தன் கொம்பைப் புடிச்சிருக்கான், ஒருத்தன் மடியைப் புடிச்சிருக்கான். சாணி அள்றது மட்டும் நாமதான் மச்சான்."

தாஸும் தங்கவயல்தான். ஆறு வருடம் சுரங்கத்தில் கீழே இறங்கியவர். சுரங்கம் இனி தேறாது என்று தெரிந்ததும் மனைவி லூர்துமேரியையும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு அடுகோடிக்கு வந்துவிட்டார். வண்டித் தரையில் சீட் பெல்ட்டைப் பிடித்திருக்கும் பெரிய போல்ட்டைக் காற்றழுத்தத்தில் சுழலும் கன்னால் முடுக்கி, அதன் தலையில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுப்பது அவர் வேலை. அந்தப் போல்ட்டின் மேல் கார்ப்பெட்டைப் போட்டு மூடுவது சித்தார்த்தின் வேலை. அதற்குப் பிறகு அந்தப் போல்ட்டை ஒருவரும் பார்க்கப்போவதில்லை, வண்டி பழைய இரும்புக்குப் போகிற நாள் வரை.

லைன் நெடுக, தலைக்கு மேல் ஒரு வெள்ளைக் கயிறு ஓடும். தப்பு எதையாவது கண்டால் யாரும் அதை இழுக்கலாம். ஒரு தடவை இழுத்தால் மொத்த லைனும் நிற்கும். இழுத்தவனே மறுபடி இழுத்தால்தான் ஓடும். பயிற்சி கொடுக்க வந்த ஜப்பான்காரர் ஹயாஷி இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. பெருக்குகிறவன் இழுத்தாலுமா? ஆமாம் என்றார். முதலாளியே ஓடச் சொன்னாலுமா? ஆமாம். ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்து, அமெரிக்கர்கள் முதலில் சிரித்து, பிறகு வந்து கற்றுக்கொண்ட கயிறு என்றார்.

அந்தக் கயிற்றால்தான் தாஸுக்கு முதல் எச்சரிக்கைக் காகிதம் வந்தது. அது சித்தார்த்தால்.

ஜனவரியில் மைதிலிக்கு மூன்று நாள் தலைவலி. ஞாயிற்றுக்கிழமை டாக்டரிடம் போகலாம் என்று சித்தார்த் சொன்னான். சனிக்கிழமை விடியற்காலை அவள் எழவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். பதினைந்து நாள் கழித்து அவன் வேலைக்குத் திரும்பினான். முதல் நாளே ஒரு வண்டிக்குள் ஏறி, கார்ப்பெட்டை விரித்து, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான். மஞ்சள் கோடு தாண்டியது தெரியவில்லை. அடுத்த ஸ்டேஷன், அதற்கடுத்தது. முன்கண்ணாடியைத் தூக்கிவரும் இயந்திரக் கை இருக்கிற இடத்துக்கு வண்டி போய்க்கொண்டிருந்தது. தாஸ் பார்த்தார், கயிற்றை மூன்று தடவை இழுத்தார். சுரங்கத்தில் ஆளை இறக்கி ஏற்றும் கூண்டுக்கு மணி அடிக்கும் கணக்கு அது. மூன்று என்றால் உள்ளே ஆள் இருக்கிறது, பார்த்துப் போ. இங்கே லைன் நின்றது, ஓடியது, மறுபடி வெடுக்கென்று நின்றது. கண்ணாடி ஒட்டுகிறவர்கள் பசையோடு ஆடி விழுந்தார்கள். இரண்டு கண்ணாடி உடைந்தது.

"இது என்ன கோயில் மணியாய்யா?" என்று கத்தினார் சூப்பர்வைசர் கஸ்தூரிரங்கன்.

"ஆளு இருந்தான் சார் உள்ள" என்றார் தாஸ். காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். நிரந்தரமாவதற்கு முன் இரண்டாவது காகிதம் வந்தால் வேலை போய்விடும். அன்றிலிருந்து லூர்துமேரி தாஸின் டிபன் கேரியரில் சித்தார்த்துக்கென்று ஒரு அடுக்கு கூடுதலாக வைத்து அனுப்புகிறாள்.

ஜூலையில் இரண்டு முதலாளிகளும் ஒரே நாளில் வந்தார்கள். காலையில் கஸ்தூரிரங்கன் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசினார். புது டை கட்டியிருந்தார். "கயிறு உங்க உரிமைப்பா. நான் இல்லேங்கல. ஆனா இன்னிக்கு ஒரு நாள், தேவை இருந்தா மட்டும். ஸ்வல்ப நோடிகொண்டு, கொஞ்சம் பாத்துக்கிட்டு. புரிஞ்சுதா?" கடைசி வார்த்தையைச் சொல்லும்போது தாஸைப் பார்த்தார்.

பத்தரை மணிக்கு லைனின் கோடியில் அவர்கள் தெரிந்தார்கள். நரைத்த தலையோடு நெட்டையாக அமெரிக்கர், அவர் தோள் உயரத்துக்கு ஜப்பானியர். நடுவில் மொழிபெயர்க்கும் பெண். சித்தார்த் ஒரு வண்டிக்குள் ஏறினான். கார்ப்பெட்டைத் தூக்கினான். வலது பக்கப் போல்ட்டில் மஞ்சள் கோடு இருந்தது. ஆனால் தலை கொஞ்சம் சாய்ந்து நின்றது. நகத்தை அடியில் விட்டான். நகம் உள்ளே போனது. மரை கோணலாக ஏறிப் பாதியில் இறுகியிருந்தது. கையால் அசைத்தால் அசையாது. ஒரு லாரி மேல் மோதினால் பிடுங்கிக்கொண்டு வரும்.

"தாஸண்ணா."

அடுத்த வண்டியிலிருந்து இறங்கிய தாஸ் எதிர்ப்பக்க ஜன்னலோரமாக நடந்து வந்தார். "இன்னா மச்சான்?"

சித்தார்த் விரலால் காட்டினான். தாஸ் தலையை உள்ளே நீட்டிப் பார்த்தார். அவரும் நகத்தை விட்டுப் பார்த்தார்.

"காலைலேருந்து கன் ஒரு மாதிரி சத்தம் போடுது" என்றார் மெதுவாக. "முதலாளிங்க வர்ற நாளாச்சே, சாயங்காலம் சொல்லிக்கலாம்னு வுட்டுட்டேன்."

"எத்தனை வண்டி?"

"தெரியலையே."

வண்டி நகர்ந்தது. தாஸும் கூடவே நடந்தார். சித்தார்த்தின் கையில் கார்ப்பெட் மடிப்பு. போட்டால் ஒரு நொடி வேலை. லூர்துமேரியின் கேரியரில் அந்தக் கூடுதல் அடுக்கு அவன் கண்முன் வந்தது. இரண்டு பெண்களும் ஆஸ்டின் டவுன் பள்ளிக்குச் சீருடையில் போவதும் வந்தது.

"போட்டு மூடிட்டா தெரியாது, தாஸண்ணா" என்றான். தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

தாஸ் கூடவே நாலு எட்டு வைத்தார். ஜன்னல் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"உள்ள ஆளு உக்காருவான்ல" என்றார்.

கயிறு சித்தார்த்தின் பக்கம் இருந்தது. முன்சக்கரம் கோட்டைத் தொட ஒரு சாண். அவன் பாதி உடம்பை வெளியே நீட்டி, எம்பிப் பிடித்து இழுத்தான்.

"ஒண்ணு!" என்று கத்தினார் தாஸ். "ஒண்ணு போதும்டா! வுட்டுடு!"

விட்டான். மேலே பலகையில் பதினேழு சிவந்தது. பொம்மைக் கடையில் கேட்கிற மாதிரி ஒரு ராகம் ஒலித்தது, பிறகு அதுவும் அடங்கியது. அதற்குப் பிறகு வந்ததுபோல ஓர் அமைதியை அவன் அங்கே கேட்டதே இல்லை. எட்டு மாதமாக அந்தக் கொட்டகைக்குக் கூரை உண்டு என்று தெரியும். அந்தக் கூரையில் புறாக்கள் உண்டு என்று இப்போதுதான் தெரிந்தது. நானூறு பேர் கையில் வைத்திருந்ததை வைத்தபடி நின்றார்கள். முன்னால் முப்பது வண்டி, பின்னால் பதினாறு, சென்னைத் துறைமுகத்தில் இறங்கி வருகிற பெட்டிகள், இரண்டு தேசத்துப் பணம், எல்லாம் அவன் மணிக்கட்டின் ஒரு அசைவில் நின்றிருந்தன. இவ்வளவு பெரிய ஒன்றை நிறுத்த முடியும் என்று அவனுக்கு இதுவரை யாரும் காட்டியதில்லை.

கஸ்தூரிரங்கன் டை தோள்மேல் பறக்க ஓடி வந்தார். "யார் போட்ட போல்ட் இது? யாரு?"

"நான்தான் சார்" என்றார் தாஸ்.

அதற்குள் ஹயாஷி வந்துவிட்டார். சித்தார்த்துக்கு முன்னால் இடுப்பு வரை குனிந்து எழுந்தார். இருபத்தொன்பது வயது ஆளுக்கு முன்னால் ஐம்பத்தைந்து வயது ஆள். பிறகு கஸ்தூரிரங்கனைப் பார்த்து, தனக்குத் தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில், யார் என்று பிறகு, ஏன் என்று முதலில் என்றார். கஸ்தூரிரங்கன் தலையாட்டினார். ஆனால் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் தாஸின் எண்ணைக் குறித்துக்கொண்டார். தாஸ் அதைப் பார்த்தார். அது தன் எண்தானா என்று சரிபார்ப்பதுபோலப் பார்த்தார்.

முதலாளிகள் நெருங்கினார்கள். மொழிபெயர்க்கும் பெண் என்னவென்று கேட்டாள். சித்தார்த் சொன்னான். ஆறு மாதமாக ஒன்றிரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவன், மரை, நகம், கன் போட்ட சத்தம், எத்தனை வண்டி போயிருக்கும், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். அவள் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொன்னாள். நெட்டை ஆள் கோட்டைக் கழற்றி யாரிடமோ கொடுத்தார். குட்டை ஆள் ஏற்கெனவே வண்டிக்குள் தலையை விட்டிருந்தார்.

"முன்னாடி போன வண்டி எல்லாத்தையும் பாக்கணும்" என்றான் சித்தார்த். "பேர் ஒட்டினதையும். அதுவரைக்கும் நான் கயிறை இழுக்க மாட்டேன்."

யாரும் மறுக்கவில்லை. அதுதான் அவனுக்கு அதிசயமாக இருந்தது.

லைன் நெடுகக் கார்ப்பெட்டுகள் உரிந்து வெளியே வந்தன. மாட்டிய சீட்டுகளையும் கழற்றி வைத்தார்கள். ஆட்கள் போதவில்லை. கேன்டீன்காரர்கூட டார்ச் எடுத்து வந்தார். சித்தார்த் கயிற்றுக்குக் கீழே நின்றபடி பார்த்தான். நின்றுபோன வண்டிகளின் பின்கதவுகளிலிருந்து வரிசையாகக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. இரும்பு வைத்த பூட்ஸ், பளபளக்கும் கறுப்பு ஷூ, பூட்ஸைக் கழற்றிவிட்டு ஏறிய யாரோ ஒருவரின் சாம்பல் நிறக் காலுறை. உடம்புகள் உள்ளே இருந்தன. எந்தக் கால் யாருடையது என்று தெரியவில்லை. தூரத்தில் ஒரு வண்டிக்குள்ளிருந்து தாஸின் குரல், "இங்க ஒண்ணு" என்றது. சற்றுக் கழித்து அதற்கும் அப்பாலிருந்து, சித்தார்த்துக்குத் தெரியாத ஒரு மொழியில், இன்னொரு குரல் அதையே சொன்னது.