பங்காளிப் பூனைகள்

கந்தப்பளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து மேட்டு லயத்துப் பொன்னையாவுக்குப் பூனை என்றால் உயிர். அதாவது, ஒரு பூனை என்றால். அதற்கு மேல் ஒரு வால் கூடினாலும் அவருக்கு ஆகாது. அவருடைய கடுவன் பூனை சின்னத்துரையே அந்த ஒற்றை அறைக் காம்பிராவில் பாதியைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும். மீதிப் பாதியில் அவரும் அடுப்பும்.

அப்படிப்பட்டவருக்கு அடுத்த காம்பிராவில்தானா ஐந்து குட்டி பிறக்க வேண்டும்? றோசலினின் பூனை போட்டது. சின்னத்துரைக்கு நாலு காலும் வெள்ளை. குட்டிகளில் மூன்றுக்கும் நாலு காலும் வெள்ளை. பிள்ளைக்காம்பிராவில் முப்பது பிள்ளைகளை அதட்டி மேய்க்கிற றோசலின், தகப்பன் யாரென்று தெரிந்த அன்றே ஐந்தையும் அந்த வீட்டில் விட்டுவிடுவேன் என்று எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் வைத்துச் சொல்லிவிட்டாள். உலகத்தில் வெள்ளைக் காலுக்கா பஞ்சம் என்று பொன்னையா முணுமுணுத்தார். சாட்சி இல்லாத விசயம்தானே என்று கொஞ்சம் தைரியமாகவும் இருந்தார்.

அந்தத் தைரியத்தில் மண்ணைப் போட வந்தாள் சுதர்ஷினி. வட்டகொடை ஊர்ப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் பூனைகளின் ஆண்வழியை ஆராய்கிறாள். ஒய் நிறமூர்த்தம், அதாவது குரோமோசோம், என்று ஒன்று உண்டாம். தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகுமாம். கடுவனின் கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியால் தடவினால், அதிலுள்ள அடையாளங்களை வைத்து வம்சத்தைப் பிடித்துவிடலாமாம்.

தகப்பனைக் கண்டுபிடிக்கிறார்கள் என்றால் லயத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான், பிள்ளைச் செலவு கேட்கிற தாபரிப்பு வழக்கு. மறுநாள் காலை அந்த லயத்தில் ஒரு கடுவனும் இல்லை. எல்லா வீட்டிலும் பெட்டைகள். பொன்னையா ஒரு படி மேலே போய், சின்னத்துரையின் நெற்றியில் பொட்டு வைத்து, அதன் பெயர் சின்னம்மா என்றார். சுதர்ஷினி வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குச்சியை எடுத்தாள். இப்படியே ஒன்பது கடுவன்கள் அகப்பட்டன. றோசலினின் குட்டிகளில் ஆண் இரண்டுக்கும் தடவிக்கொண்டு போனாள்.

முடிவு வரும்வரை பொன்னையாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்து குட்டியை எங்கே படுக்க வைப்பது என்று காம்பிராவை அடிக்கடி அளந்து பார்த்தார். மாரியம்மனுக்கு ஒரு தேங்காயும் நேர்ந்துகொண்டார்.

இரண்டு மாதம் கழித்து சுதர்ஷினி வந்து நின்றபோது லயமே கூடிவிட்டது.

"எல்லாத்துக்கும் ஒரே அடையாளந்தான் மாமா. அந்தக் குட்டி ரெண்டுக்கும் அதேதான். எப்பவோ வாழ்ந்த ஒரு கடுவனோட வம்சம். இதுல இன்னதுதான் அப்பான்னு சொல்ல முடியாது."

பொன்னையாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தேங்காய் இன்றைக்கே என்று முடிவு செய்தார். சின்னத்துரையின் மானம் காப்பாற்றப்பட்டது என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். அதோடு வாயை மூடியிருக்கலாம்.

றோசலின் குட்டிகள் கிடந்த கூடையை இடுப்பில் வைத்தபடி நிதானமாகக் கேட்டாள். "ஒரே ஆம்புள வழின்னா அதுங்க பங்காளிங்கதானேண்ணே? அப்பன் தெரியாத புள்ளைங்கள பங்காளிங்க தெருவுல விடுவாங்களா?"

கூட்டம் தலையாட்டியது. கல்யாணமோ கருமாதியோ, பங்காளி இல்லாமல் ஒரு காரியம் நடக்காத லயம் அது. பொன்னையா மட்டும் கடைசியாக ஒரு சட்டம் பேசினார். அந்த அடையாளம் ஆணுக்கு மட்டும்தானே, மூன்று பெட்டைக்கும் அது கிடையாதே, அப்படியென்றால் அதுகள் பங்காளி இல்லையே என்றார்.

"பொம்புளப் புள்ளைக்குப் பங்கு இல்லாட்டியும் சீரு உண்டுல்ல," என்றாள் றோசலின்.

பிறகு அவள் ஆராய்ச்சிக்காரியிடமே, பங்காளிகளில் மூத்தவர் யாரென்று விசாரித்தாள். சுதர்ஷினி தன் கொப்பியைப் புரட்டி, சின்னத்துரைக்குத்தான் வயது கூட என்றாள். மூத்தவருக்கு இரண்டு, மற்றவர்களில் மூன்று பேருக்கு ஒவ்வொன்று என்று பஞ்சாயத்து முடிந்தது.

பொன்னையாவின் மடியில் ஒரு பெட்டைக்குட்டியும் ஒரு கடுவன்குட்டியும் வந்து விழுந்தன. திட்டத்தான் வாயைத் திறந்தார். பெட்டை அவர் விரலைப் பிடித்துச் சப்பியது. மனுசனுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாரும் போகும்வரை பொறுத்திருந்து றோசலினிடம் மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, சீருக்கு நெத்தலி போதுமா? இல்ல, மாசிக் கருவாடும் வைக்கணுமா?"