குழாயை மூடும் காட்சி

எங்கள் தமிழ்ச் சங்க நாடகத்துக்காகப் பாலா சொன்ன கதையைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பன்றிக் காய்ச்சல் பயத்தில் ஒருத்தி ஓயாமல் கை கழுவுகிறாளாம், அது மனநோயாம். கடைசியில் புருஷன் நீளமாக ஒரு வசனம் பேசுவானாம், உடனே குணமாகிவிடுமாம்.

"வசனத்துக்கெல்லாம் குணமாகும்னா, எங்க வீட்டுக்காரர் பேசின பேச்சுக்கு ஊரே குணமாகியிருக்கணும்" என்றேன்.

என் கணவர் கல்யாணசுந்தரம் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு இருப்பது சுத்தம் அல்ல, வியாதி என்று மஸ்கட் ரூவியில் டாக்டர் சொன்னது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். "பயம் வரும்போது கழுவாம நில்லுங்க, தானா தணியும்" என்றும் அவர் சொல்லியிருந்தார். சொல்லுவார், அவருக்கென்ன! குழாயை மூடத் தொட்டாலே கை அழுக்காகிவிட்டது என்று தோன்றும். மறுபடி கழுவுவேன். கடைசியில் என் கணவர்தான் வந்து மூடுவார்.

அந்த 2009இல் மஸ்கட்டே கை கழுவிக்கொண்டிருந்தது. அதனால் என் வியாதிக்கு ஏகப்பட்ட பாராட்டு. "சுசீலாவைப் பார்த்துக் கத்துக்கணும்" என்று சங்கத்துப் பெண்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அழுகைதான் வரும்.

காய்ச்சலால் சங்கத்தின் ஆண்டு விழா ரத்து. நாடகத்தைப் படமாக எடுத்து வீட்டுக்கு வீடு சிடி கொடுப்பதாக முடிவு. என் கணவரோடு வேலை பார்க்கும் பாலாதான் டைரக்டர், கேமராமேன், எல்லாம். கை கழுவுகிற அந்த அம்மா வேஷத்துக்கு என்னைக் கேட்டான்.

"நீ நடிச்சா எல்லாருக்கும் தெரிஞ்சிடும் சுசீ" என்றார் இவர்.

"தெரியட்டுமே! பாராட்டு வாங்கி வாங்கி அலுத்துப்போச்சுங்க."

வெள்ளிக்கிழமை காலை எங்கள் ஃபிளாட்டிலேயே ஷூட்டிங். இவர் லைட் பிடித்தார். எங்கள் மகள் ஸ்வாதிதான் படத்திலும் மகள். ஸ்கூல் விட்டு வருகிறவளை அம்மா திரும்பத் திரும்ப வாஷ்பேசினுக்கு விரட்ட வேண்டும். அதற்கு நடிப்பு எதற்கு, தினமும் நடப்பதுதானே.

"கட்! பிரமாதம்க்கா!" என்றான் பாலா.

ஸ்வாதி வரவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"முடிஞ்சுதுடி கண்ணு, வா."

"நோ மம்மி. பைப்பைத் தொட்டுட்டேன். ஒன் மோர் டைம்."

கிட்டப் போய்ப் பார்த்தேன். குழந்தை நடிக்கவில்லை. அவள் விரல்கள் என் விரல்களைப் போலவே சிவந்து வெடித்திருந்தன. ஐயோ, இவளையும் பிடித்துக்கொண்டதா! இவர் லைட்டைக் கீழே வைத்துவிட்டு வழக்கம்போல் குழாயை மூட ஓடிவந்தார்.

"நீங்க வராதீங்க!" என்று கத்தினேன்.

நானே குழாயைப் பிடித்துத் திருகினேன். தண்ணீர் நின்றது. கழுவு கழுவு என்று மண்டைக்குள் ஒரே கூச்சல். கழுவவில்லை. அதே கையால் அவள் கைகளைப் புடவையில் துடைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"மம்மி, நீ வாஷ் பண்ணலையே!"

"ஒரு தரம் கழுவினா போதும்டி. கலாஸ், அவ்வளவுதான்."

பாலா தலையில் அடித்துக்கொண்டான். "ஐயையோ, கேமராவை ஆஃப் பண்ணிட்டேனேக்கா! இதுதான் கிளைமாக்ஸ், வசனமே வேணாம். இன்னொரு தரம் செய்வீங்களா?"

"வேணாம் பாலா, அவளால முடியாது" என்றார் இவர்.

"யாரால முடியாது? நீ எடுப்பா."

மூடினேன். கழுவாமல் நடந்தேன். ஃபோகஸ் போய்விட்டதாம். மறுபடி மூடினேன். இவருடைய நிழல் விழுந்ததாம். மறுபடி. பேட்டரி தீர்ந்தது; மாற்றும்வரை கழுவாத கையோடு நின்றேன். பாலா மாதிரி ஒரு மட்டமான கேமராமேன் அமைந்தது என் அதிர்ஷ்டம். ஒவ்வொரு டேக்கிலும் அந்தக் கூச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிக்கொண்டே வந்தது. டாக்டர் சொன்னது நிஜம்தான்! வியாதி அன்றோடு ஓடிவிடவில்லை, அதன்பிறகும் டாக்டரிடம் போனேன். ஆனால் ஜெயிக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"டேக் ஓகே! பேக்கப்!" என்று பாலா கூவினான்.

"அதுக்குள்ள என்ன பேக்கப்? என் பொண்ணுக்கு ஒரு டேக் எடு."

நான் குழாயைத் திறந்துவிட்டேன். ஸ்வாதி என்னைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள். எட்டி அதை மூடினாள். கழுவாமலேயே ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.