பீலிக்குப் போன பத்து நிமிடம்

1

இந்தக் கதை என் கற்பனை அல்ல என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எம்பிலிப்பிட்டிய பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் சொன்னது. பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஆகவே இந்திரகுமார். பஸ்ஸில் ‘அவர்’, கதைக்குள் ‘அவன்’.

2

2006 தீபாவளிக்கு முந்திய நாள், ஓப்பநாயக்க மலையில் மழை விடாமல்...

(மழை வேண்டாம். கதவில் தொடங்குகிறேன்.)

கதவு திறக்கவில்லை. எம்பிலிப்பிட்டியவில் நஸீம் முதலாளியின் புடவைக்கடையில் வேலை செய்யும் இந்திரகுமார், பிறந்து இருபத்தெட்டு நாளான மகளை முதன்முதலாகப் பார்க்கத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்கு வந்திருந்தான். உடம்பு கொதித்தது. அவன் படியேறுமுன்பே இருமல் உள்ளே கேட்டுவிட்டது.

“அங்கயே நில்லுங்க,” என்றாள் மனைவி விஜயகலா, உள்ளேயிருந்து.

“சும்மா சளி, தடிமன் கலா. கதவத் தொற.”

“பக்கத்து வீட்டு வெள்ளையம்மா அக்கா புள்ளைக்கும் சும்மா தடிமன்னுதான் சொன்னாங்க. இப்ப மூச்சு எடுக்க ஏலாம ஆஸ்பத்திரியில கெடக்கு. காய்ச்சக்காரங்க யாரும் பச்சப்புள்ள கிட்ட வரக்கூடாதுன்னு மிட்வைஃப் நோனா சொல்லிட்டுப் போயிருக்காங்க.”

“நான் யாரோவா?”

ஜன்னல் வழியாகப் பாய் வந்தது, கஞ்சி வந்தது, கைகழுவச் சவர்க்காரம் வந்தது. அவள் வாயையும் மூக்கையும் துணியால் கட்டியிருந்தாள். லயத்தில் எல்லோரும் பார்க்க, அவன் சொந்த வீட்டு வாசலில் படுத்தான்.

(கஞ்சியை நீட்டும்போது அவள் கை நடுங்கியது என்று எழுதினேன். அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாதே என்ற பயம். ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை. அடித்துவிட்டேன்.)

3

மறுநாள் காலை, துணி அலச அவள் பீலிக்குப் போனாள். (மலைத்தண்ணீர் விழும் இடம், போய்வரப் பத்து நிமிடம்.)

“அழுதாலும் உள்ள போகாதீங்க. ஓடி வந்துர்றேன்.”

போன கையோடு குழந்தை அழுதது. வெளியிலிருந்தே, “அம்மா வாறாங்கடா, வாறாங்கடா” என்றான். அழுகை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றது.

அவன் உள்ளே போய்விட்டான்.

குழந்தைக்கு ஒன்றுமில்லை, அடுத்த அழுகைக்கு மூச்சிழுத்துக்கொண்டிருந்தது. அவன் தூக்கினான். இருமக் கூடாதென்று மூச்சை அடக்கினான். எவ்வளவு நேரம் அடக்குவது?

“மொகத்தத் திருப்பித்தான் இருமினேன்,” என்றார். பிறகு, “திருப்பினேன்னுதான் நெனைக்கிறேன்.”

வாளிச் சத்தம் கேட்டதும் குழந்தையைக் கிடத்தி, கதவைச் சாத்தி, பாயில் வந்து படுத்துக்கொண்டான்.

4

மூன்றாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல். பால் குடிக்கவில்லை, நெஞ்சுக்கூடு உள்வாங்கியது. தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஐந்து நாள் ஒக்சிஜன். பிழைத்துக்கொண்டாள். அதை ஒளித்துவைத்து உங்களைத் தவிக்கவிட எனக்கு மனமில்லை.

“தோட்டம் முழுக்கக் காய்ச்சல். யார்ட்ட இருந்து வந்துச்சுன்னு சொல்ல ஏலாது,” என்றார் டாக்டர். இந்திரகுமாருக்கு அது ஆறுதலாக இருந்தது. அப்படி இருந்ததுதான் அவனை அரித்தது.

வீட்டுக்குப் புறப்படும் நாள். துணிகளை மடித்தபடியே விஜயகலா கேட்டாள்: “நான் பீலிக்குப் போயிருந்தப்ப உள்ள போனீங்களா?”

கதை இந்த இடத்துக்கு வரும்போது பஸ் பெல்மதுளைச் சந்திக்கு வந்துவிட்டது. அவர் இறங்கிவிட்டார்.

“இல்ல” என்று எழுதிப் பார்த்தேன். அடித்தேன். “ஆமா கலா, அவ அழுக நின்னு போச்சு, அதனால...” என்று எழுதிப் பார்த்தேன். அதையும் அடித்தேன்.

அவள் கடைசித் துணியையும் மடித்துவிட்டாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்கிறாள். நீங்களே சொல்லிவிடுங்கள்.